தாவர மூலம் என்ற பெயர் மட்டும் மகாவலியைக் காக்காது

கண்டி எசல பெரஹெராவின் நிறைவுக் கட்டமாக மகாவலி கங்கையின் கெட்டம்பைத் துறையில் நீர்வெட்டு வைபவம் நடைபெறுவதை நாம் அனைவரும் அறிவோம். அதே கெட்டம்பைப் பகுதியை அண்டியே, கண்டி வாவியின் மேலதிக நீரையும் நகரின் கழிவுநீரையும் சுமந்துவரும் மெத எல என்னும் கால்வாய் மகாவலியுடன் கலக்கின்றது. அக்குறணையூடாக வரும் பிங்கா ஓயாவும் இந்த ஆற்றையே வந்தடைகின்றது. வீடுகளிலும் உணவகங்களிலும் வாகனங்கள் கழுவும் இடங்களிலும் நாளாந்தம் பயன்படும் சவர்க்காரம், சலவைத் தூள், பாத்திரம் கழுவும் திரவம் ஆகியவை இறுதியாகச் சென்று சேரும் இடமும் இதுவேயாகும்.

இது கண்டி மக்களின் பிரச்சினை மாத்திரமன்று. பொல்கொல்லை அணைக்கட்டில் 1976ஆம் ஆண்டு முதல் மகாவலி நீரின் ஒரு பகுதி சுரங்கவழியாகத் திருப்பப்பட்டு, உக்குவளை மின்நிலையத்தைக் கடந்து வடமத்திய மாகாணக் குளங்களுக்குச் செல்கின்றது. எஞ்சிய நீர் விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே நீர்த்தேக்கங்களைத் தாண்டி, 335 கிலோமீற்றர் நீளமான பயணத்தின் முடிவில் மூதூரை அண்டிய கொட்டியாரக் குடாவில் கடலுடன் சேர்கின்றது. ஆகவே கண்டியின் வடிகான்களில் எது ஊற்றப்படுகின்றது என்பது, மூதூரிலும் வெருகலிலும் வாழும் தமிழ், முஸ்லிம் விவசாயிகளுக்கும் மீனவர்களுக்கும் சம்பந்தப்பட்ட விடயமாகும்.

அண்மைக்காலமாக எமது சந்தையில் "தாவர மூலப்பொருளாலானது", "இயற்கையானது", "சுற்றாடலுக்கு உகந்தது" என்ற வாசகங்களைத் தாங்கிய சலவைப் பொருட்கள் பெருகி வருகின்றன. பெற்றோலியத்திலிருந்து விடுபட்டுப் புதுப்பிக்கத்தக்க மூலங்களை நாடுவது வரவேற்கத்தக்கதே. எனினும், மூலம் இயற்கையானது என்ற ஒரே காரணத்தினால் விளைவும் நன்மையானதாகிவிடுமா என்ற கேள்வியை எழுப்பவேண்டிய கடப்பாடு எமக்கு உண்டு. அக்கேள்விக்கு விடை காண்பதற்கு, நுரைக்கும் இப்பொருட்களின் அடிப்படை விஞ்ஞானத்தைச் சற்று நோக்குதல் அவசியமாகும்.

அழுக்கைப் போக்கும் பொருட்களில் உண்மையான வேலையைச் செய்வது மேற்பரப்புச் செயற்படுபொருள் என்று அழைக்கப்படும் கூறாகும். இதன் மூலக்கூறின் ஒரு முனை நீரை விரும்பும். மறுமுனை நீரை வெறுத்து எண்ணெயை நாடும். எண்ணெய்ப் பசையை ஒரு முனை பற்றிக்கொள்ள, மறுமுனை அதனை நீருடன் இழுத்துச் செல்கின்றது. சாதாரண நீரின் மேற்பரப்பு இழுவிசை மீற்றருக்கு 72 மில்லிநியூட்டன் அளவினதாகும். இப்பொருட்கள் சிறிதளவு கலந்த மாத்திரத்தே அது ஏறத்தாழ 30 ஆகக் குறைந்துவிடுகின்றது. துணிக்குள் நீர் எளிதாக ஊடுருவுவதும், களைநாசினி இலையின் மெழுகுப் படலத்தில் உருண்டோடாது பரவுவதும், இறப்பர் பால் தாங்கியில் கட்டிபடாது நிலைத்திருப்பதும் இப்பண்பினாலேயே ஆகும். இறப்பர் பாலுக்கு இந்நோக்கத்துடன் சேர்க்கப்படும் அமோனியம் லோரேற்று, தேங்காய் எண்ணெயில் உள்ள லோரிக் அமிலத்தின் உப்பேயாகும்.

எமது மூதாதையருக்கு இது புதியதன்று. தலைமுழுகச் சீயக்காயும், பட்டுத் துணி துவைக்கப் பூந்திக்கொட்டையும் பயன்படுத்தியபோது அவர்கள் கையாண்டது சபோனின் என்ற தாவரச் செயற்படுபொருளையே. தாவர எண்ணெயையும் காரத்தையும் சேர்த்துச் சவர்க்காரம் காய்ச்சும் கலையில் அரபுலகம் நெடுங்காலமாகப் புகழ்பெற்றிருந்தது. ஒலிவ எண்ணெயிலான நப்லுஸ் சவர்க்காரமும் அலெப்போ சவர்க்காரமும் 2024ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றமை குறிப்பிடத்தக்கது. எமது தேங்காய் எண்ணெய்க்கும் இவ்வரலாற்றில் தனியிடம் உண்டு. அதன் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழ அரைப்பங்கு லோரிக் அமிலமாக இருப்பதால், அதிலிருந்து காய்ச்சப்படும் சவர்க்காரம் கடல்நீரிலும் நுரைக்கும்.

இவ்வாறு தாவரங்களிலும் விலங்குக் கொழுப்பிலும் தங்கியிருந்த தொழில் பெற்றோலியத்தின் பக்கம் திரும்பியதற்குக் காரணம் யாது? முதலாம் உலகப் போரின்போது ஜெர்மனியில் உண்பதற்கே கொழுப்புப் பற்றாக்குறையாக இருந்தது. சவர்க்காரத்துக்குக் கொழுப்பைச் செலவிட முடியாத நிலையில், நிலக்கரித் தாரிலிருந்து மாற்றுப் பொருளைத் தயாரிக்க அந்நாட்டு இரசாயனவியலாளர்கள் முனைந்தனர். இன்னொரு காரணம் வன்னீராகும். யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புக்கல் கிணற்று நீரில் சவர்க்காரம் நுரைக்க மறுப்பதை அங்குள்ளோர் நன்கறிவர். செயற்கை அழுக்ககற்றிகளுக்கு இக்குறை பெரிதாக இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் பெற்றோலியம் மலிவாகக் கிடைத்ததும் உலகச் சந்தை அவற்றின் வசமாயிற்று.

அதன் விலையை ஆறுகள் செலுத்தின. 1950களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆறுகளின் மீது நுரை மலைபோல் குவிந்தது. அன்றைய செயற்படுபொருளின் கிளைத்த காபன் சங்கிலியை நுண்ணங்கிகளால் எளிதில் சிதைக்க முடியாமையே அதற்குக் காரணமாகும். ஜெர்மனி 1961இல் சட்டமியற்றியது. அமெரிக்க உற்பத்தியாளர்கள் 1965இல் நேர்ச்சங்கிலிப் பொருளுக்கு மாறினர். இன்று சலவைத் தூளில் பெருமளவில் பயன்படுவது இந்த நேர்ச்சங்கிலி வகையாகும். சென்னை மணலியில் இயங்கும் தமிழ்நாடு பெற்றோபுறொடக்ற்ஸ் நிறுவனம் மண்ணெண்ணெயிலிருந்து தயாரிப்பது இதன் மூலப்பொருளையே.

இங்கே நாம் கவனிக்கவேண்டிய உண்மையொன்று உண்டு. இந்த நேர்ச்சங்கிலிப் பொருள் பெற்றோலியத்திலிருந்து பெறப்பட்டாலும், ஒட்சிசன் நிறைந்த நீரில் விரைவாகச் சிதைந்துவிடுகின்றது. ஒட்சிசன் அற்ற சேற்றிலோ மலக்குழியிலோ அவ்வாறு சிதைவதில்லை. மெத எல போன்று அழுகும் கழிவு நிறைந்த, ஒட்சிசன் குன்றிய கால்வாய்களில் பிரச்சினை தோன்றுவது இதனாலாகும். ஆகவே, பொருள் எதிலிருந்து வந்தது என்பதுடன், அது எந்த நீரில் சென்று விழுகின்றது என்பதும் கேட்கப்படவேண்டிய கேள்வியாகின்றது.

இனி, புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறப்படும் செயற்படுபொருட்களை மூன்று வகைகளாக நோக்கலாம். முதலாவது, தேங்காய் எண்ணெய் அல்லது பாம் விதை எண்ணெயிலிருந்து பெறப்படுபவை. பற்பசையிலும் தலைகழுவும் திரவங்களிலும் காணப்படும் சோடியம் லோரைல் சல்பேற்று இவ்வகையினது. ஆனால் அதன் உறவுப் பொருளான லோரெத் சல்பேற்றில் ஒரு பகுதி எதிலீன் ஒட்சைட்டிலிருந்து வருகின்றது. எதிலீன் ஒட்சைட்டோ பெரும்பாலும் பெற்றோலியத்திலிருந்து பெறப்படுவது. எனவே "தாவர மூலம்" என்ற முத்திரை சில வேளைகளில் பாதி உண்மையையே கூறுகின்றது.

இரண்டாவது வகை, கொழுப்பு அற்ககோலையும் குளுக்கோசையும் இணைத்துப் பெறப்படும் அல்கைல் பொலிகுளுக்கோசைட்டு ஆகும். எமில் பிஷர் என்ற ஜெர்மனிய விஞ்ஞானி 1893இல் இவ்வகை இணைப்புக்கு வழிகாட்டினார். பேரளவு உற்பத்தி 1990களிலேயே ஆரம்பமாயிற்று. தோலுக்கு மென்மையானதாகவும், ஒட்சிசன் அற்ற சூழலிலும் சிதைவடையக் கூடியதாகவும் இருப்பது இதன் சிறப்பாகும்.

மூன்றாவது வகையை நுண்ணங்கிகளே உற்பத்தி செய்கின்றன. மதுவ இனமொன்று சொபோரோலிப்பிட்டையும், சூடோமோனாசு என்ற பக்டீரியா இனமொன்று ரம்னோலிப்பிட்டையும் சுரக்கின்றன. இவை கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே அறியப்பட்டவையாயினும், ஆய்வுகூடத்திலிருந்து தொழிற்சாலைக்கு வர அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. நொதித்தல் தாங்கியில் செறிவு குறைவாகக் கிடைப்பதும், பிரித்தெடுக்கும் செலவும், உற்பத்தியாகும் பொருளே தாங்கியை நுரையால் நிரப்பிவிடுவதும் தடைகளாக இருந்தன. 2019இல் யூனிலீவர் நிறுவனம் சிலி நாட்டில் ரம்னோலிப்பிட்டு அடங்கிய பாத்திரம் கழுவும் திரவத்தை அறிமுகப்படுத்தியது. 2024இல் எவோனிக் நிறுவனம் சுலோவாக்கியாவில் இதற்கெனத் தொழில்முறைப் பெரிய ஆலையைத் திறந்தது. ஆயினும், பெற்றோலியப் பொருளைவிட இவற்றின் விலை இன்னமும் அதிகமாகவே உள்ளது.

இவ்வளவும் நம்பிக்கையூட்டுவனவே. ஆனால் நாணயத்தின் மறுபக்கத்தையும் மலையக மக்கள் அறிந்திருத்தல் வேண்டும். தேயிலைத் தோட்டங்களில் தெளிக்கப்படும் கிளைபோசேட் களைநாசினியைப் பற்றிய விவாதம் இந்நாட்டுக்குப் புதியதன்று. 2015இல் அது தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மாத்திரம் தளர்வு வழங்கப்பட்டது. 2022இல் தடை நீக்கப்பட்டது. இவ்விவாதங்களில் பெரிதும் பேசப்படாத விடயம் யாதெனில், உலகெங்கும் அக்களைநாசினித் தயாரிப்புகள் பலவற்றில் நீண்ட காலமாகச் சேர்க்கப்பட்டுவந்த செயற்படுபொருளாகும். அது மாட்டுக் கொழுப்பிலிருந்து பெறப்படும் அமைனை எதிலீன் ஒட்சைட்டுடன் சேர்த்துத் தயாரிக்கப்படுவது. மீன் முதலிய நீர்வாழ் உயிரினங்களுக்குக் கிளைபோசேட்டைவிட இந்தக் கூட்டுப்பொருளே அதிக நச்சுத்தன்மை கொண்டது என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. 2016இல் ஐரோப்பிய ஒன்றியம் கிளைபோசேட் தயாரிப்புகளில் அதைச் சேர்ப்பதைத் தடைசெய்தது.

விலங்குக் கொழுப்பும் புதுப்பிக்கத்தக்க மூலம்தான். பெற்றோலியம் தீர்ந்தாலும் அது தீராது. ஆயினும், முதுகில் மருந்துத் தாங்கியைச் சுமந்து மலையேறும் தோட்டத் தொழிலாளிக்கும், லயன்களுக்குக் கீழே ஓடும் ஓடையில் வாழும் மீனுக்கும் அதனால் என்ன ஆறுதல் கிடைத்துவிடப் போகின்றது?

பூந்திக்கொட்டைக்கும் இது பொருந்தும். சபோனின் மீன்களின் பூக்களைத் தாக்கவல்லது. தேயிலைக் குடும்பத்து விதைகளிலிருந்து எண்ணெய் பிழிந்தபின் எஞ்சும் பிண்ணாக்கில் சபோனின் செறிந்திருப்பதால், இறால் பண்ணைகளில் வேண்டாத மீன்களைக் கொல்வதற்கு அதனைப் பயன்படுத்துகின்றனர். ஒரு வாளி நீரில் துணிதுவைக்கும்போது தீங்கற்றதாயிருக்கும் பொருள், ஆலையிலிருந்து தொன் கணக்கில் ஓடையில் கலக்குமாயின் நஞ்சாகிவிடும். அளவே இங்கு தீர்மானிக்கும் காரணியாகும்.

மூலப்பொருள் எங்கிருந்து வருகின்றது என்ற கேள்வியும் எளிதானதன்று. உலகின் பாம் எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இந்தோனேசியாவும் மலேசியாவும் வழங்குகின்றன. அதற்காக மழைக்காடுகள் அழிக்கப்பட்டமை உலகறிந்த விடயம். இலங்கையில் முள்ளுத் தேங்காய்ச் செய்கையை நிறுத்துவதாகவும் பாம் எண்ணெய் இறக்குமதியைத் தடைசெய்வதாகவும் 2021 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. அவ்வாறாயின் தேங்காயை நாடலாமே என்று சிலர் கூறலாம். இலங்கையின் தேங்காய் விளைச்சல் ஆண்டுக்கு ஏறத்தாழ 250 முதல் 300 கோடி காய்களாகும். அதில் பெரும்பங்கு வீட்டுச் சமையலுக்கே செல்கின்றது. 2024இன் இறுதியிலும் 2025இன் தொடக்கத்திலும் விளைச்சல் குன்றி, ஒரு தேங்காயின் விலை பல சந்தைகளில் 200 ரூபாவை அண்மித்தபோது, சம்பலுக்கே தேங்காய் வாங்கமுடியாது ஏழைக் குடும்பங்கள் தவித்ததை நாம் கண்டோம். முதலாம் உலகப் போர்க்கால ஜெர்மனி எதிர்கொண்ட அதே கேள்வி, ஒரு நூற்றாண்டு கழித்து எமது சமையலறைக்கும் வந்து சேர்ந்துள்ளது. உண்பதற்கான எண்ணெயை நுரைப்பதற்குச் செலவிடலாமா?

ஆகவே உணவுடன் போட்டியிடாத கழிவுகளையே மூலப்பொருளாகக் கொள்வது இந்நாட்டுக்குப் பொருத்தமான பாதை என்பது எமது கருத்தாகும். இதற்குக் கண்டியைவிடத் தகுந்த இடம் அரிது. பேராதனைப் பல்கலைக்கழகம் இங்குள்ளது. 1981இல் நிறுவப்பட்ட தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் ஹந்தானையில் உள்ளது. தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் ஒரு நூற்றாண்டாக இயங்கிவருகின்றது. கண்டி மாவட்டத்தின் லூல்கந்துரையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் வர்த்தகத் தேயிலைச் செய்கையை ஆரம்பித்த நாள் தொட்டு, இலையைத் தவிர வேறெதையும் எவரும் பொருட்படுத்தியதில்லை. விதைத் தேயிலைகளிலும் கைவிடப்பட்ட மலைகளிலும் உதிர்ந்து வீணாகும் தேயிலை விதையின் சபோனினை, உரிய பாதுகாப்புடன் பிரித்தெடுக்கலாமா என்பது ஆராயத்தக்கது. உல்லாச விடுதிகளும் உணவகங்களும் நிறைந்த இந்நகரில் பொரித்தெடுத்த எண்ணெய் ஒன்றில் மீண்டும் மீண்டும் கொதிக்கவைக்கப்படுகின்றது, அல்லது வடிகானில் ஊற்றப்படுகின்றது. இவை இரண்டும் தீங்கானவை. மேற்கூறிய நுண்ணங்கிகள் கழிவெண்ணெயை உண்டும் செயற்படுபொருளைச் சுரக்கவல்லவை என்பது பல நாட்டு ஆய்வுகளில் நிறுவப்பட்டுள்ளது. தென்னை ஆலைகளின் கழிவுநீரும், சீனி ஆலைகளின் கழிவுப்பாகும் இவ்வாறே பயன்படக் கூடியவை. ஆய்வுக் கட்டுரையுடன் நின்றுவிடும் முயற்சிகளை மாதிரி ஆலை வரை கொண்டுசெல்ல நிதி ஒதுக்கப்படுமாயின், பட்டதாரி இளைஞர்களுக்கும் அதனால் பயன் விளையும்.

2022ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடியின்போது சவர்க்காரக் கட்டியின் விலை பன்மடங்காக உயர்ந்ததையும், ஏழை வீடுகளில் ஒரு கட்டியைத் துண்டுகளாக வெட்டிப் பயன்படுத்தியதையும் மறந்துவிட முடியாது. சலவைப் பொருட்களின் மூலப்பொருட்களுக்கு இறக்குமதியையே நம்பியிருக்கும் நாடு, தனது தூய்மையையும் டொலரிடம் அடகு வைத்திருக்கின்றது எனலாம்.

அதேவேளை, ஒரே இரவில் எல்லாவற்றையும் இயற்கையாக்கிவிடலாம் என்ற மாயையில் இருந்தும் நாம் விடுபடவேண்டும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டதற்குள் விவசாயிகள் அடைந்த இழப்பு கொஞ்சமன்று. மாற்றுப் பொருள் போதியளவு கிடைக்கு முன்னர் விதிக்கப்படும் தடை, கள்ளச் சந்தைக்கும் விலையேற்றத்துக்குமே வழிவகுக்கும். மாறாக, பிலிப்பைன்ஸ் 2000ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம் எளிதில் சிதையாத செயற்படுபொருட்கள் அடங்கிய அழுக்ககற்றிகளையே இலக்காகக் கொண்டது. தென்னை வளம் மிகுந்த அந்நாடும்கூட, மூலத்தை விடுத்து ஆற்றில் நிகழும் விளைவை அளவுகோலாகக் கொண்டமை எமக்கு முன்மாதிரியாகும்.

நுகர்வோரின் நம்பிக்கை சார்ந்த விடயமொன்றையும் இவ்விடத்தில் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம். சவர்க்காரத்திலுள்ள கொழுப்பமிலமும் கிளிசரினும் தாவரத்திலிருந்தும் வரலாம். மாடு, பன்றி போன்ற விலங்குகளின் கொழுப்பிலிருந்தும் வரலாம். இரசாயனப் பெயரைக் கொண்டு அதனை அறிய இயலாது. தொழுகைக்கு முன் உடலையும் உடையையும் தூய்மை செய்துகொள்ளும் முஸ்லிம் நுகர்வோருக்கும், கோயிலுக்குச் செல்லுமுன் நீராடும் இந்துக்களுக்கும், புலால் தவிர்க்கும் பௌத்தர்களுக்கும் மூலம் எதுவென அறியும் உரிமை உண்டு. இதனை ஒரு சமூகத்தின் தனிக் கோரிக்கையாக நோக்காது, சகல நுகர்வோருக்கும் உரிய தகவல் உரிமையாகவே கருதவேண்டும்.

இவற்றின் அடிப்படையில் நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் சிலவாகும். முதலாவதாக, சலவைப் பொருட்களின் பொதிகளில் செயற்படுபொருளின் பெயர், அதன் மூலம் தாவரமா விலங்கா பெற்றோலியமா என்ற விபரம், அது சிதைவடையும் தன்மை ஆகியவை மும்மொழிகளிலும் தெளிவாக எழுதப்படுவதை இலங்கைக் கட்டளைகள் நிறுவனமும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையும் உறுதிசெய்தல் வேண்டும். ஆதாரமின்றி "இயற்கையானது" என விளம்பரம் செய்வோர் கேள்விக்குட்படுத்தப்படல் வேண்டும். இரண்டாவதாக, களைநாசினிகளைப் பதிவு செய்யும்போது அவற்றின் பிரதான நஞ்சை மாத்திரமன்றி, அதனுடன் கலக்கப்படும் செயற்படுபொருளையும் பரிசோதித்து, அவ்விபரத்தைத் தோட்டத் தொழிலாளர்கள் தமிழில் அறியத் தருதல் வேண்டும். மூன்றாவதாக, வாகனம் கழுவும் நிலையங்கள், சலவையகங்கள், பெரிய விடுதிகள் ஆகியவற்றின் கழிவுநீர் தொடர்பில் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்படல் வேண்டும்.

நான்காவது கோரிக்கை எல்லாவற்றுக்கும் அடிப்படையானது. ஜப்பானியக் கடனுதவியுடன் கன்னொருவையில் அமைக்கப்பட்ட கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கண்டி நகருக்குக் கிடைத்த பெரும் பேறாகும். நகர மையத்துக்கு வெளியே பரந்து கிடக்கும் அக்குறணை, கட்டுகஸ்தோட்டை, கம்பளை போன்ற சனநெரிசல் மிக்க பகுதிகளின் கழிவுநீருக்கும் உரிய தீர்வு காணப்படாதவரை, மகாவலியின் நிலை முழுமையாகச் சீரடையாது. எந்தச் சிறந்த செயற்படுபொருளும் சுத்திகரிப்புக்கு மாற்றாகாது. 1999இல் கண்டி வாவி நீலப்பச்சை அல்காப் பெருக்கத்தினால் பச்சைநிறமாகியமை பலருக்கு நினைவிருக்கலாம். அத்தகைய பெருக்கத்துக்கு ஊட்டமளிப்பவை கழிவுநீருடன் வரும் பொசுபரசும் நைதரசனுமாகும். சலவைத் தூள்களில் சேர்க்கப்படும் பொசுபேற்று செயற்படுபொருள் அன்று. நீரை மென்மையாக்கும் துணைப்பொருளாகும். செயற்படுபொருளை மாத்திரம் தாவரத்திலிருந்து பெற்றுவிட்டு, துணைப்பொருளாகப் பொசுபேற்றைக் கொட்டிக்கொண்டிருந்தால் வாவிக்கு விமோசனம் இல்லை.

பொறுப்பு அரசாங்கத்துக்கு மாத்திரம் உரியதன்று. தேவைக்கு மேல் நுரை எழுந்தால்தான் அழுக்குப் போகும் என்ற எண்ணம் எம்மிடையே ஆழமாக ஊறிப்போயுள்ளது. நுரைக்கும் தூய்மைக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதே விஞ்ஞானம் கூறும் உண்மையாகும். ஓடும் ஆற்றில் நின்றாலும் நீரை வீண்விரயம் செய்யலாகாது என்று போதிக்கும் மார்க்கத்தைப் பின்பற்றுவோரும், நதிகளைத் தாயாக வணங்கும் மரபினரும் வாழும் மண் இது. அரைக் கரண்டி போதுமான இடத்தில் இரண்டு கரண்டி தூளைக் கொட்டும் பழக்கத்தை வீடுகளில் நிறுத்துவதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை. பள்ளிவாசல்களும் கோயில்களும் பாடசாலைகளும் இதனை எடுத்துச் சொல்லலாம்.

புதுப்பிக்கத்தக்க மூலங்களின் பக்கம் உலகம் திரும்புவது தவிர்க்க முடியாதது, திரும்பத்தான் வேண்டும். ஆனால் எதிலிருந்து வந்தது, எந்த நீரில் எவ்வாறு சிதைகின்றது, யாருடைய உணவையும் உழைப்பையும் விலையாகக் கொள்கின்றது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடையளிக்கும் பொருளே உண்மையில் சுற்றாடலுக்கு உகந்தது எனப்படத் தகும். கெட்டம்பையில் நீர்வெட்டும் கங்கை மூதூரில் கடலைச் சேரும்போதும் அதே தூய்மையுடன் சேரவேண்டும் என்பதே எமது எதிர்பார்ப்பாகும். அதற்கான முயற்சியைக் கண்டியிலிருந்தே ஆரம்பிக்கச் சம்பந்தப்பட்டோர் முன்வருவார்களா?